கருவி செய்பவரும் வானியலாளர்தானா? மண்டபத்திலிருந்து வந்த கேள்விக்கு ஒரு பதில்

ராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் என்ற ஊரில் விசைப்படகு எஞ்சின்களுக்கு லேத் பட்டறை நடத்தும் ஒரு தந்தை, பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் தம் மகளுக்காக மூன்று கேள்விகளைக் கேட்டிருக்கிறார். பெரிய தொலைநோக்கிகளுக்குக் கருவி செய்வது என்று ஒரு வேலை உண்மையிலேயே இருக்கிறதா? அதற்குப் படிக்க வேண்டியது இயற்பியலா, பொறியியலா? தனுஷ்கோடியில் இரவு அவ்வளவு இருட்டாக இருந்தும் அங்கே ஏன் பெரிய தொலைநோக்கி வைக்கவில்லை? மூன்றும் நியாயமான கேள்விகள். ஆனால் இடையில், போகிற போக்கில் சொன்னதுபோல, ஒரு வரியும் எழுதியிருக்கிறார்: வானியல் என்றால் கணக்கும் கம்ப்யூட்டரும்தான், ஸ்பேனர் பிடிக்கிற பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்று பள்ளியில் சொல்லிவிட்டார்களாம். கையால் செய்கிற ஒருத்தியை வானியலாளர் என்று அந்தத் துறை ஏற்றுக்கொள்ளுமா, அல்லது அவள் கடைசிவரை பட்டறையில் நிற்பவளாகவே இருப்பாளா என்பதுதான் அவர் உண்மையில் கேட்பது என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

என் தகுதியையும் அதன் எல்லையையும் முதலில் சொல்லிவிட வேண்டும். நான் தேவிபட்டினத்துக்கு வடக்கே கடலோர ஊர் ஒன்றில் பிறந்தவன். தாய்மாமன் ஓடாவி, அதாவது மரப்படகு கட்டுபவர். இயற்பியல் படித்து, கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பிரித்து அளக்கும் நிறமாலைமானிகளைக் கட்டுவதில் 26 ஆண்டுகள் செலவிட்டேன். அத்தனை ஆண்டுகளில் முழுமையாக முடிந்து வேலை செய்பவை இரண்டு. மூன்றாவது பாதியில் நிற்கிறது. ரேடியோ தொலைநோக்கிகளிலும் விண்கலக் கருவிகளிலும் நான் வேலை செய்ததில்லை. எனவே நான் சொல்லப்போகும் அனுபவம் தரையில் நிற்கும் ஒளியியல் தொலைநோக்கிகளுக்கு மட்டுமே பொருந்தும்.

முதல் கேள்விக்கு ஐயமில்லாத பதில் உண்டு. ஜேம்ஸ் கன் என்ற அமெரிக்க வானியலாளர், குவாசார்கள் எனப்படும், மிகத் தொலைவில் பேரொளி வீசும் விண்மீன் மண்டல மையங்களின் ஒளி இடையிலுள்ள ஹைட்ரஜனால் எவ்வாறு விழுங்கப்படும் என்பது குறித்து 1965இல் புரூஸ் பீட்டர்சனுடன் சேர்ந்து எழுதிய கோட்பாட்டுக் கட்டுரையால் இன்றும் அறியப்படுகிறார். அதே மனிதர்தான் பின்னாளில் ஸ்லோன் வானாய்வுத் திட்டத்தின் 2.5 மீட்டர் தொலைநோக்கிக்கு ஒளியை மின்குறியாக மாற்றும் 30 சிசிடி உணரிகள் கொண்ட கேமராவைத் தம் குழுவோடு வடிவமைத்துக் கட்டினார். 2019இல் கியோட்டோ பரிசு அவருக்குக் கிடைத்தது. அதே ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மிஷேல் மேயரும் டிடியே கெலோவும், சூரியனைப் போன்ற வேறொரு விண்மீனைச் சுற்றும் கோளை முதன்முதலாக 1995இல் கண்டறிந்தது, பிரான்சின் ஓட் புரோவான்ஸ் ஆய்வகத்தில் 1.93 மீட்டர் தொலைநோக்கியில் பொருத்தப்பட்ட எலோடி என்ற நிறமாலைமானியால்தான். அந்தத் தொலைநோக்கி அப்போதே உலகின் பெரியவற்றுள் ஒன்றல்ல. ஆனாலும் எலோடியின் நிலைத்தன்மை, விண்மீன் நம்மை நோக்கியும் விலகியும் அசைவதை நொடிக்குப் பத்துப் பதினைந்து மீட்டர் அளவு நுட்பத்தில் அளக்க இடம் கொடுத்தது. அதன் தரவுகளைப் பிரித்தெடுக்கும் மென்பொருளை எழுதியவர், அப்போது ஆய்வு மாணவராக இருந்த கெலோ. இவர்கள் மூவரையும் யாரும் மெக்கானிக் என்று சொல்வதில்லை.

இனி வேலை எப்படிப்பட்டது என்று சொல்கிறேன். உங்கள் பட்டறையிலிருந்தே தொடங்கலாம். கரையில் ஏற்றி வைத்த மரப்படகில் எஞ்சினையும் ஷாப்டையும் எவ்வளவு நேராகப் பொருத்தினாலும், படகு தண்ணீரில் இறங்கியதும் உடல் வேறு மாதிரி அமர்ந்து அந்த நேர்கோடு மாறிவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். கடலில் மிதக்கவிட்டு மறுபடியும் பார்ப்பீர்கள். என் வேலையில் பாதி இதுதான். பெரிய தொலைநோக்கியின் பின்புறத்தில் சில நூறு கிலோ எடையுள்ள ஒரு பெட்டி தொங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விண்மீன் கிழக்கே எழுந்து உச்சிக்கு வந்து மேற்கே சாயும்வரை தொலைநோக்கி அதைத் தொடர்ந்து திரும்ப, பெட்டியின் எடை ஒவ்வொரு மணி நேரமும் வேறொரு பக்கமாக இழுக்கிறது. உள்ளே இருக்கும் லென்சுகளும், ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் கீற்றணியும், உணரியும் அந்த இழுப்பில் வளையாமல் இருக்க முடியாது. உணரியில் ஒரு பிக்சலின், அதாவது படத்தின் ஒரு புள்ளியைப் பதியும் கட்டத்தின், அகலம் வழக்கமாக 15 மைக்ரான் அளவில் இருக்கும்; ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஓர் இரவு முழுவதும் நிறமாலை அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நகரக்கூடாது என்று வைத்தால், இரண்டு மீட்டர் நீளமுள்ள உலோகக் கூடு ஒன்றரை மைக்ரானுக்குள் நிற்க வேண்டும்.

எடையாவது கணக்கிட்டால் முன்கூட்டியே தெரிந்துவிடும். வெப்பம் அதைவிடத் தந்திரமானது. ஒரு மீட்டர் நீள அலுமினியச் சட்டம் வெப்பநிலை ஒரு பாகை ஏறினால் சுமார் 23 மைக்ரான் நீளும், அதாவது ஒரு பிக்சலைத் தாண்டிவிடும். எஃகு அதில் பாதி நீளும். 36 சதவீதம் நிக்கல் கலந்த இன்வார் என்ற உலோகக் கலவை ஒரு மைக்ரானை ஒட்டியே நீளும். ஆனால் அது கனமானது, விலை கூடியது, லேத்தில் கடைவதும் கடினம். எதை எங்கே வைப்பது, ஒரு பாகம் நீளும்போது அதை எதிர்த்திசையில் நீளும் இன்னொரு பாகத்தால் எப்படி ஈடுகட்டுவது என்பதிலேயே மாதங்கள் போகும். ஒரு விண்மீனின் அசைவை நொடிக்கு ஒரு மீட்டர் அளவுக்கு அளக்க நினைத்தால், நிறமாலை உணரியில் நகரும் தூரம் ஏறத்தாழ ஒரு பிக்சலில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சிலியின் லா சில்லாவில் 2003இல் இயங்கத் தொடங்கிய ஹார்ப்ஸ் கருவி இதைச் சாதித்தது. அதற்காக அதை வெற்றிடத் தொட்டிக்குள் அடைத்து, வெப்பநிலையை நூற்றில் ஒரு பாகை அளவுக்குள் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வியாழன் நம் சூரியனை நொடிக்குச் சுமார் 12 மீட்டர் வேகத்தில் அசைக்கிறது. பூமி அசைப்பதோ 9 சென்டிமீட்டர் மட்டுமே. பூமியைப் போன்ற கோளைத் தேடுபவர்கள் ஏன் உலோகத்தின் நீட்சியைப் பற்றி இவ்வளவு பேசுகிறார்கள் என்பது இந்த இரண்டு எண்களிலிருந்து விளங்கும்.

ஒளி வீணாவது இன்னொரு கவலை. பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். ஐந்து லென்சுகளுக்குப் பத்துப் பரப்புகள். ஒளியில் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். தொலைநோக்கியின் ஆடியைப் பெரிதாக்கக் கோடிகளைச் செலவிட்டுவிட்டு, பின்னால் இருக்கும் பெட்டியில் அந்த ஒளியைச் சிந்துவது எனக்குப் பொறுக்காத காரியம். ஆகவே பரப்புகளைக் குறைப்பதும், பூச்சுகளைத் தேர்வதும், பூசியபின் ஒவ்வொன்றையும் தனித்தனியே அளந்து பார்ப்பதும் கருவி செய்பவரின் அன்றாடம்.

வேலையின் பெரும்பகுதி இப்படிக் கம்பீரமாக இருக்காது என்பதையும் உங்கள் மகள் தெரிந்துகொள்ள வேண்டும். உணரியைக் குளிர்விக்க அதை வெற்றிடக் கலத்தில் வைத்து, கழித்தல் 196 பாகையில் கொதிக்கும் திரவ நைட்ரஜனைக் கொண்டு கழித்தல் 100 பாகைக்கும் கீழே இறக்குவோம். என் முதல் கருவியில் அந்தக் கலம் வெற்றிடத்தைத் தாங்கவில்லை. இரவில் சரியாக இருந்து விடியும்போது உணரியின் சன்னலில் பனி படிந்துவிடும். ஹீலியம் கசிவு காட்டியை வைத்து ஒவ்வொரு இணைப்பாகத் தேடி, மூன்று வாரங்களுக்குப் பின் கண்டுபிடித்தது, ரப்பர் வளையம் உட்காரும் பள்ளத்தின் குறுக்கே கிடந்த ஒரே ஒரு தலைமயிர். அதை அங்கே விட்டவன் நான்தான். அந்த மூன்று வாரங்களில் விண்மீன் எதையும் நான் பார்க்கவில்லை.

அளவையைக் குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் இத்துறையின் மிகப் பெரிய தவறு அங்கேதான் நடந்தது. 1990இல் ஏவப்பட்ட ஹபிள் தொலைநோக்கியின் ஆடி மிக வழவழப்பாகவும் மிகத் துல்லியமாகவும் தவறான வடிவத்துக்குத் தேய்க்கப்பட்டிருந்தது. விளிம்பில் சுமார் 2 மைக்ரான் கூடுதலாகத் தேய்ந்திருந்தது. சோதனைக் கருவியில் ஒரு லென்சு 1.3 மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்தப்பட்டிருந்ததே காரணம். வேறு எளிய சோதனைகள் பிழையைக் காட்டியிருந்தன. அவை துல்லியம் குறைந்தவை என்று ஒதுக்கப்பட்டன. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய்த் திருத்தும் ஒளியியலைப் பொருத்திய பிறகே அது தெளிவாகப் பார்த்தது. தான் அளந்தது தனக்குப் பிடிக்காத விடையைத் தரும்போது அதைத் தள்ளிவிடாமல் உட்கார்ந்து ஆராயும் சுபாவம் ஒருவரிடம் இருக்கிறதா என்பதைத்தான் புதிய மாணவர்களிடம் நான் முதலில் பார்ப்பேன், மதிப்பெண் பிறகு.

தொலைநோக்கி பெரிதாகப் பெரிதாக இந்த வேலை எளிதாகும் என்று பலர் நினைக்கிறார்கள், நடப்பது நேர்மாறு. காற்றின் அலைவால் விண்மீனின் உருவம் ஏறத்தாழ ஒரே கோண அளவுக்குப் பரவித் தெரிவதால், தொலைநோக்கியின் விட்டம் இருமடங்கானால், குவியத் தூரத்துக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதம் மாறாதபோது, அந்த உருவம் விழும் இடத்தின் அகலமும் இருமடங்காகிறது. நிறங்களை அதே நுட்பத்தில் பிரிக்கக் கீற்றணியும் லென்சுகளும் இருமடங்காக வேண்டும். எடையோ எட்டு மடங்கை நெருங்கும். நம் ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் 1986 முதல் இயங்கும் வைணு பாப்பு தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர். சிலியின் ஆர்மசோனஸ் மலையில் கட்டப்பட்டு வருவது, 798 துண்டுகளாலான 39 மீட்டர் ஆடி. அதற்கான கருவிகள் ஒரு வீட்டின் அளவில் இருப்பதற்குக் காரணம் இதுதான். வளையும் ஆடியால் காற்றின் அலைவை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை ஈடுகட்டும் தகவமை ஒளியியல் மட்டுமே இந்தக் கணக்கிலிருந்து ஓரளவு தப்ப வழி தருகிறது. அந்த யோசனையை ஹோரஸ் பாப்காக் 1953இலேயே எழுதியிருந்தாலும், அதைச் செய்துகாட்டும் மின்னணுவியலும் கணினியும் வரப் பல பத்தாண்டுகள் ஆயின.

ஆகவே ஒரு கருவிக்குப் பத்தாண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்; வாழ்நாளில் மூன்று அல்லது நான்கு. அந்தப் பத்தாண்டிலும் தொலைநோக்கியே வராமல் போகலாம். இந்தியா பத்தில் ஒரு பங்கு ஏற்றிருக்கும் முப்பது மீட்டர் தொலைநோக்கிக்கு 492 ஆடித் துண்டுகள் வேண்டும். அவற்றுள் ஒரு பகுதியை மெருகூட்டுவதற்கான வசதி பெங்களூருக்கு அருகே ஹோஸ்கோட்டேயில் அமைக்கப்பட்டது. ஆனால் ஹவாயின் மௌனா கியா மலையைப் புனிதமாகக் கருதும் மக்களின் எதிர்ப்பால் 2015இலும் 2019இலும் கட்டுமானம் நின்றது. அது எப்போது, எந்த மலையில் எழும் என்று உறுதி கூறுபவர் யாராயினும் ஊகிக்கிறார் என்றே கொள்ளுங்கள். இதனால் கற்றது வீணாகிவிடாது; துண்டு ஆடியைத் தாங்கும் பொறி செய்யக் கற்றவருக்கு வேறு இடத்தில் வேலை உண்டு. எனினும் பத்தாண்டு உழைப்பின் மீது ஒளி விழாமலே போகக்கூடும் என்ற எண்ணத்தோடு தூங்கப் பழக வேண்டும்.

அங்கீகாரம் பற்றி நேர்மையாகச் சொல்கிறேன். கருவி செய்பவரின் பெயர் ஒரு கட்டுரையில் வரும். அந்தக் கருவியால் மற்றவர்கள் எழுதும் நூறு கட்டுரைகளில் வராது. ஸ்லோன் திட்டம் கட்டியவர்களுக்கென்று தனிப் பட்டியல் வைத்து, அவர்கள் பின்னாளைய கட்டுரைகளில் ஆசிரியராகச் சேரும் உரிமையை அளித்தது. எல்லா இடத்திலும் அப்படி இல்லை. பதவி உயர்வுக் குழுக்கள் கட்டுரைகளை எண்ணும்போது நாங்கள் பின்தங்குவது உண்மை. பள்ளியில் சொன்னதில் எள்ளளவு உண்மை இருக்கிறது என்றால் அது இந்த இடத்தில்தான்.

படிப்புக்கு வருகிறேன். இயற்பியல் வழி, பொறியியல் வழி இரண்டும் திறந்தே இருக்கின்றன. பி.எஸ்சி., எம்.எஸ்சி. இயற்பியல் முடித்து ஜெஸ்ட் அல்லது நெட் என்ற தேசிய அளவிலான தேர்வு வழியாக ஆய்வுப் படிப்பில் சேரலாம்; முதல் பட்டத்தை ராமநாதபுரம் சேதுபதி அரசு கலைக் கல்லூரியில் படித்தாலும் அந்தத் தேர்வுகள் யாருக்கும் கதவை மூடுவதில்லை. ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனங்களில் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பு உண்டு. திருவனந்தபுரத்தில் உள்ள இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தில் ஜேஇஇ அட்வான்ஸ்டு தரவரிசையால் சேரலாம். பொறியியல் முடித்தவர்களுக்கு, இந்திய வானியற்பியல் நிறுவனம் கல்கத்தா பல்கலைக்கழகத்துடன் இணைந்து வானியல் கருவியியலில் எம்.டெக்., ஆய்வுப் பட்டம் இரண்டையும் சேர்த்து நடத்திய படிப்பிலிருந்து நல்ல கருவியாளர்கள் வந்திருக்கிறார்கள். என் கருத்தைக் கேட்டால், இயற்பியல் படித்துக்கொண்டே பட்டறையை விடாமல் இருப்பதைச் சொல்வேன். எதை அளக்க வேண்டும் என்று தெரிந்தவர் எப்படிச் செய்வது என்பதைப் பின்னால் கற்றுக்கொள்வதை நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன்; மறுதிசையில் குறைவாகவே பார்த்திருக்கிறேன். இது நான் பார்த்த சில பத்து மனிதர்களிலிருந்து எழுந்த எண்ணம் மட்டுமே. என் மூன்றாவது கருவியின் மிகச் சிறந்த தலை ஒரு இயந்திரப் பொறியாளருடையது.

பணம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தந்தைக்குத் தெரிய வேண்டும். இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதத்துக்கு 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. ஆய்வுப் பட்டம் முடிய 28 வயது ஆகும், நிரந்தரப் பணி கிடைக்க இன்னும் ஐந்தாறு ஆண்டுகள் ஆகலாம், இடங்கள் குறைவு. பொறியாளராக நுழைந்தால் சம்பளம் முன்னதாகத் தொடங்கும், ஆனால் எந்தக் கருவியைச் செய்வது என்று தீர்மானிக்கும் மேசைக்கு வர அதிக காலம் ஆகும். பெண் பிள்ளை என்ற தயக்கம் ஏதேனும் இருந்தால், இந்தியாவின் வானியல் செயற்கைக்கோளான அஸ்ட்ரோசாட்டின் புறஊதாத் தொலைநோக்கியை அளவீடு செய்யும் பொறுப்பிலிருந்த அன்னபூரணி சுப்பிரமணியம் 2019இல் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் இயக்குநரானார் என்பதை வீட்டில் சொல்லுங்கள்.

தனுஷ்கோடிக்கு வருவோம். அங்கே இருட்டு உண்டு. ஒன்பது பாகை அட்சரேகையில் இருப்பதால் தென்சிலுவையும் அகத்திய விண்மீனும் நன்றாகத் தெரியும். ஆனால் பெரிய தொலைநோக்கிக்கு இருட்டு மட்டும் போதாது. கடல்மட்டத்தில் நின்றால் காற்று மண்டலம் முழுவதையும் ஊடுருவிப் பார்க்க வேண்டும். லடாக்கின் ஹான்லேயில் 4,500 மீட்டர் உயரத்தில் காற்றில் ஏறத்தாழ நாற்பது சதவீதம் காலுக்குக் கீழே போய்விடுகிறது. கடலே பகை என்று நினைக்க வேண்டாம். சிலியின் பரனால் மலை பசிபிக் கரையிலிருந்து 12 கிலோமீட்டர்தான். மௌனா கியா நடுக்கடல் தீவு. கடலின் மேல் தடங்கலின்றி வரும் காற்று சீராக வருவதால்தான் அவை சிறந்த இடங்களாயின. ஆனால் ஈரமும் மேகமும் அங்கே மலையின் இடுப்பளவில் நின்றுவிடுகின்றன. நம் கரையில் இடுப்பும் இல்லை, மலையும் இல்லை.

உப்பு என்ன செய்யும் என்பதைப் பாம்பன் பாலத்தின் இரும்பைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் நானே அதை மறந்து ஒரு முறை பாடம் கற்றேன். 2010 ஜனவரி 15 அன்று வளையச் சூரிய கிரகணம் தனுஷ்கோடியில் ஏறத்தாழ பத்து நிமிடம் நீடித்தது. இரண்டு சமதள ஆடிகளோடு இரு நாள் முன்னதாகவே போய், வடகடலைப் பார்த்தபடி மணலில் நிறுத்தினோம். இரண்டு இரவும் வாடைக்காற்று. கிரகண நாள் காலையில் ஆடிகள் பால் ஊற்றியதுபோல் மங்கியிருந்தன. காப்புப் பூச்சு இல்லாத அலுமினியத்தைத் துடைக்க முடியாது. காய்ச்சி வடித்த நீரை ஊற்றிக் கழுவி, ஒருவாறு படம் எடுத்தோம். ஊர் திரும்பிச் சில வாரங்களுக்குப் பின் ஆடியை விளக்கின்முன் பிடித்துப் பார்த்தபோது, உப்புத்துளி உட்கார்ந்த இடமெல்லாம் ஊசித் துளைகள். கடற்கரையில் பிறந்தவன் செய்யக்கூடாத தவறு என்று மாமா சிரித்தார்.

இந்தக் கோடை விடுமுறையில் உங்கள் மகள் ஒன்று செய்யலாம். ஆறு அங்குல வட்டக் கண்ணாடிகள் இரண்டை வாங்கி, ஒன்றின்மேல் ஒன்றை வைத்துக் கார்பரண்டம் தூளால் தேய்த்து, ஒன்றரை மீட்டர் குவியத் தூரமுள்ள ஆடியாக்கட்டும். நடுவில் தோண்டப்படும் பள்ளம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மெருகூட்டப் படுக்கை செய்யக் கீல் வேண்டும். படகுக்குப் பூசும் கீல் இதற்குச் சரிப்படாது, தூய பைன் பிசினிலிருந்து செய்தது வேண்டும், ஆனால் எந்தச் சூட்டில் எவ்வளவு இளகும் என்று விரலால் அறியும் பழக்கம் உங்கள் கரையில் பலருக்கும் இருக்கும். முடிந்தபின் காப்புப் பூச்சோடு கூடிய அலுமினியமே பூச வேண்டும். அதற்கு முன், ஆடியைச் சுவரருகே நிறுத்தி மூன்று மீட்டர் தள்ளி ஒரு சிறு விளக்கும் சவர பிளேடும் வைத்துச் செய்யும் ஃபூக்கோ சோதனையில், கண்ணாடியின் வடிவப் பிழைகள் மேடு பள்ளங்களாக நிழலிட்டுத் தெரியும். அப்போது பரப்பின்மேல் கட்டைவிரலை அரை நிமிடம் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். விரலின் சூட்டில் கண்ணாடி வீங்கி ஒரு குன்றுபோல நிற்பதை அவள் தன் கண்ணால் பார்ப்பாள். அது அமிழ எவ்வளவு நேரமாயிற்று, அறையின் வெப்பநிலை என்ன, மறுமுறை செய்தபோது அதே நேரம்தான் ஆயிற்றா என்று குறித்து வைத்திருந்தால், கண்ணாடியை அனுப்ப வேண்டாம், அந்த நோட்டுப் பக்கத்தை மட்டும் இங்கே பதிவிடச் சொல்லுங்கள். நான் படித்துப் பார்த்துப் பதில் எழுதுகிறேன்.